ஏ ஷிப்டில் மகேந்திரவர்மன்

ரஞ்சிதா எதையும் முகர்ந்து பார்க்காமல் வாயில் வைக்க மாட்டாள். பால், தயிர், சத்துணவு முட்டை, பிறந்தநாள் சாக்லேட் எல்லாமே அவளுடைய மூக்கைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

"நாங்க என்ன விஷமா வெக்கிறோம்?" என்று அம்மா நஞ்சம்மா தினமும் திட்டுவாள்.

"தெரியலயேம்மா. அதான் பாக்குறேன்" என்பாள் ரஞ்சிதா.

பாகலூர் பள்ளியின் ஆறாம் வகுப்பில் யாருடைய பென்சில் தொலைந்தாலும் ரஞ்சிதாவிடம்தான் வருவார்கள். பத்துத் தடவையில் எட்டுத் தடவை அவள் கண்டுபிடித்துவிடுவாள். மீதி இரண்டு தடவை, எடுக்காத ஆள் மேல் பழி விழும். அந்த இரண்டைப் பற்றி அவள் பேசுவதில்லை.

அப்படிப்பட்டவளுக்குத்தான் குருமூர்த்தி சார் தமிழ்செல்வியை ஜோடியாகப் போட்டார்.

தமிழ்செல்வி ஜூன் மாதம் சங்கரன்கோவிலிலிருந்து வந்து சேர்ந்தவள். அப்பா மூர்த்திக்கு ஒரு கம்பெனியில் வேலை, அம்மா ராசாத்திக்கு இன்னொரு கம்பெனியில் வேலை. தமிழ்செல்வி கணக்கில் புலி. சமூக அறிவியலில் மட்டும் இருபதுக்கு நான்கு மதிப்பெண். பிள்ளைகள் அந்தப் பாடத்தை சோசியல் என்பார்கள். தமிழ்செல்வி அதை 'சோகியல்' என்பாள்.

"ரஞ்சிதா, நீ நல்லா படிக்கிற. அவளுக்கும் சொல்லிக் குடு. முழுப்பரிட்சையில அவ பாஸாகணும்" என்றார் சார்.

ரஞ்சிதா தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லிக் கொடுத்தாள். அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பத்துத் தடவை சத்தமாகச் சொல்ல வேண்டும், பிறகு பார்க்காமல் எழுத வேண்டும்.

"சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன், நரசிம்மவர்மன், பரமேஸ்வரவர்மன். சொல்லு."

தமிழ்செல்வி சொன்னாள். பத்துத் தடவையும் சரியாகச் சொன்னாள். பதினோராவது தடவை மகேந்திரவர்மனை நரசிம்மவர்மனுக்கு மகனாக்கிவிட்டாள்.

"அவரு அப்பாடி!" என்று கத்தினாள் ரஞ்சிதா.

"எல்லாரும் ஒரே வீட்டு ஆளுவ. யாரு அப்பா, யாரு புள்ளன்னு எனக்கு எப்படிட்டி தெரியும்? நான் என்ன அவங்க கல்யாணத்துக்கா போனேன்?"

ரஞ்சிதாவுக்குச் சிரிப்பு வந்தது. தமிழ்செல்விக்கு வரவில்லை. அவள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"முழுப்பரிட்சையில சோசியல்ல பாஸாவலன்னா அப்பா என்னை ஊருக்கே அனுப்பிருவாவ. பெரியப்பா வீட்ல இருந்து படிக்கணுமாம். இங்க தமிழு, கன்னடம், தெலுங்குன்னு மூணு பாஷையையும் கேட்டு எனக்கு ஒண்ணுமே மண்டையில ஏறலன்னு சொல்லுதாவ."

"அப்ப உங்க அம்மா, அப்பா?"

"அவங்க இங்கதான். வேலை இங்கதான இருக்கு?"

ரஞ்சிதா பல்லவர் பாடத்தை மறுபடி முதல் பக்கத்துக்குத் திருப்பினாள்.

இரண்டு வாரம் கழித்து அடுத்த தேர்வு வந்தது. விடைத்தாளைக் கொடுக்கும்போது சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"தமிழ்செல்வி, பதினேழு. ரஞ்சிதா, பதினாறு."

வகுப்பு கைதட்டியது. ரஞ்சிதாவும் தட்டினாள். ஆனால் அவளுடைய மூக்கு விடைத்துக்கொண்டது. நான்கு எப்படிப் பதினேழு ஆகும்? அதுவும் சொல்லிக் கொடுத்தவளைவிட ஒன்று கூட! அந்த ஒரு மதிப்பெண் அவளை முள்ளாகக் குத்தியது. உண்மையைச் சொன்னால், அது பாதி சந்தேகம், பாதி பொறாமை.

இப்போது அவளுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

முதலாவது, தேர்வுக்கு முன்னால் தமிழ்செல்வி வேப்பமரத்தடியில் நின்று ஏதோ சிறு தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ரஞ்சிதா கிட்டே போனதும் சட்டென்று பைக்குள் போட்டாள்.

இரண்டாவது, தேர்வு எழுதும்போது இடது கை விரல்களைப் பார்த்துப் பார்த்து முணுமுணுத்தாள்.

மூன்றாவது, தினமும் பள்ளி விட்டதும் கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடுகிறாள். அந்த பஸ்ஸில் நூறு பேர் ஏறுவார்கள், இறங்குவார்கள். அதில் யாராவது ஜெராக்ஸ் கடைக்காரருக்குச் சொந்தக்காரராக இருக்கலாம். ஜெராக்ஸ் கடையில்தான் கேள்வித்தாளை நகல் எடுக்கிறார்கள். ஆகா!

தண்ணீர் குடிக்கும் நேரத்தில் வகுப்பு காலியாக இருந்தது. ரஞ்சிதா தமிழ்செல்வியின் பையைத் திறந்தாள். புத்தகங்களுக்கு நடுவே துணி கிளிப் போட்ட ஒரு கட்டு இருந்தது. எல்லாம் தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள்.

முன்பக்கத்தில் தேதியும் ராகு காலமும் ராசி பலனும் அச்சாகியிருந்தன. பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது.

'ஏ ஷிப்ட்: மகேந்திரவர்மன். மிச்சம்: வாதாபி. பி ஷிப்ட்: நரசிம்மவர்மன்.'

ரஞ்சிதாவுக்கு வியர்த்தது. இது பிட்டுத்தான். அதுவும் சாதாரண பிட்டு இல்லை, சங்கேத பிட்டு! தேதி, ராகு காலம், ஷிப்ட் என்று ஒரு கூட்டமே இதன் பின்னால் இருக்க வேண்டும்.

அவள் கட்டை அப்படியே வைத்துவிட்டு, பக்கத்து பெஞ்சு சௌமியாவின் காதில் சொன்னாள்.

"யார்கிட்டயும் சொல்லாதடி."

சௌமியாவின் காதில் போட்டதும் கோயில் மைக்கில் போட்டதும் ஒன்றுதான். மதியம் மணி அடிப்பதற்குள் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. மூன்று மணிக்குச் சாருக்கும் தெரிந்துவிட்டது.

சார் அந்தக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "இது என்னம்மா?"

"பிட்டு இல்ல சார். நான் எழுதி வச்சது" என்றாள் தமிழ்செல்வி.

"எழுதி வெச்சதுக்குத்தாம்மா பிட்டுன்னு பேரு."

அவர் பதினேழை அடித்துவிட்டுச் சைபர் போட்டார். "நாளைக்குக் காலையில அப்பாவைக் கூட்டிட்டு வா" என்றார்.

தமிழ்செல்வி அழவில்லை. அதுதான் ரஞ்சிதாவுக்குக் கஷ்டமாக இருந்தது. திருடி மாட்டிக்கொண்டவர்கள் அழுவார்கள் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள்.

பள்ளி விட்டதும் தமிழ்செல்வி அவளுடைய கையைப் பிடித்தாள். "வீடு வரைக்கும் வாரியாட்டி? தனியாப் போவ பயமா இருக்கு."

யார் மாட்டிவிட்டது என்று அவளுக்குத் தெரியாது. ரஞ்சிதா தலையாட்டினாள். அப்போதும் ஒரு ஓரத்தில் சந்தேகம் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தது. வீட்டுக்குப் போனால் அந்தக் கூட்டம் யாரென்று தெரிந்துவிடும் அல்லவா?

வீடு ஒரே அறை. வரிசையாக ஆறு வீடுகளில் நான்காவது. தமிழ்செல்வி மீட்டர் பெட்டிக்குப் பின்னாலிருந்து சாவியை எடுத்துத் திறந்தாள். உள்ளே யாரும் இல்லை. அடுப்பு மேடைக்கு மேலே ஆணியில் ஒரு துணி கிளிப் தொங்கியது. அதில் இன்றைய தேதி போட்ட காலண்டர் தாள் ஒன்று இருந்தது.

ரஞ்சிதா பாய்ந்து போய்த் திருப்பிப் பார்த்தாள். பெரியவர் கையெழுத்து.

'முடிந்தது: தண்ணீர் பிடித்தாச்சு. சாம்பார் இருக்கு.

மிச்சம்: துணி காயவில்லை. செல்வி பள்ளிக்கூடம் பற்றி அண்ணனிடம் பேச வேண்டும்.

கவனம்: இடது பக்க அடுப்பில் திருகு லூசு.

இப்படிக்கு மூர்த்தி.'

"இது என்னாடி?" என்றாள் ரஞ்சிதா.

"அப்பா அம்மாவுக்கு எழுதுனது. அம்மா ஏ ஷிப்ட், விடியக்காலம் போயிருவாவ. அப்பா பி ஷிப்ட், மத்தியானம் போவாவ. அப்பா ஏறுத பஸ்ஸும் அம்மா வார பஸ்ஸும் ரோட்டுல ஒண்ணையொண்ணு தாண்டிப் போவும். ஞாயித்துக்கெழமதான் ரெண்டு பேரும் சேந்து இருப்பாவ. அதான் தாளு."

"தாளுல எதுக்கு மிச்சம், கவனம் எல்லாம்?"

"கம்பெனியில அப்படித்தான் எழுதணுமாம். ஷிப்ட் முடிஞ்சு போறவங்க, அடுத்து வாரவங்களுக்கு எழுதி வச்சிட்டுத்தான் போவணும். எது முடிஞ்சுது, எது மிச்சம் இருக்கு, எதுல கவனமா இருக்கணும்னு. அதே மாதிரி வீட்லயும் எழுதுதாவ."

தமிழ்செல்வி பையை இறக்கி வைத்தாள்.

"நீ வர்மன் வர்மன்னு பத்து தரம் சொல்லிக் குடுத்த. எனக்கு ஏறல. ஒரு நாள் இந்தத் தாளைப் படிக்கும்போது தோணுச்சு. ராசாவும் ஷிப்டுதானட்டி? ஒருத்தர் போனா அடுத்தவர் வாராரு. போறவரு என்னமாவது மிச்சம் வச்சிட்டுத்தான போவாரு? மகேந்திரவர்மன் மலையைக் குடைஞ்சு கோயில் கட்டினாரு. அது முடிஞ்சுது. புலிகேசிட்ட சண்டையில தோத்துட்டாரு. அது மிச்சம். மகன் நரசிம்மவர்மன் பி ஷிப்டுக்கு வந்து, வாதாபிக்கே போயி மிச்சத்தை முடிச்சாரு. இப்படி எழுதுனா யாரு அப்பா, யாரு புள்ளன்னு மறக்காதுல்லா? ஒரு விரலுக்கு ஒரு ஷிப்ட்."

ரஞ்சிதாவின் மூன்று சந்தேகங்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பொத்தென்று விழுந்தன.

"நீ பஸ் நிக்கிற எடத்துக்கு எதுக்கு தினமும் ஓடுற?"

"அம்மா இறங்குவாவல்லா. கூட்டிட்டு வரத்தான். இன்னைக்கு அவங்களுக்கு ஓவர்டைம், பிந்தித்தான் வருவாவ."

நான்காவதாக ஒரு சந்தேகம் இருந்திருந்தால் அதுவும் விழுந்திருக்கும்.

ரஞ்சிதா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "செல்வி, நான்தான் சௌமியாகிட்ட சொன்னேன். உன் பையைத் திறந்தது நான்தான்."

தமிழ்செல்வி குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு, தானே குடித்தாள். ரஞ்சிதாவுக்குக் கொடுக்கவில்லை.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனேட்டி" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது. அவள் காலண்டரில் நாளைய தாளைக் கிழித்து, அப்பாவுக்காக எழுதத் தொடங்கினாள். 'கவனம்: நாளைக்கு காலையில் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னார்கள்.' பென்சில் 'கவனம்' என்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது.

மறுநாள் காலையில் பனி விலகுவதற்கு முன்பே ரஞ்சிதா பள்ளி கேட்டில் நின்றாள். குருமூர்த்தி சாரின் பைக் வந்ததும் குறுக்கே போனாள்.

"சார், அது பிட்டு இல்லீங்க சார். நான்தான் தப்பா நெனச்சு சௌமியாகிட்ட சொல்லிட்டேன்."

சார் ஹெல்மெட்டைக் கழற்றினார். "நேத்து பிட்டுன்னு சொன்னதும் நீதான். இன்னைக்கு இல்லைன்னு சொல்றதும் நீதான். நான் எதை நம்பறது?"

ரஞ்சிதா இரவெல்லாம் இதைத்தான் யோசித்திருந்தாள். தன்னைப் போல ஒருத்தியை எப்படி நம்ப வைப்பது? சொல்லி நம்ப வைக்க முடியாது. அவளே நம்ப மாட்டாள்.

"என்னை நம்பாதீங்க சார். யாரையும் நம்பாதீங்க. சோதிச்சுப் பாத்துடுங்க. நீங்க இன்னும் நடத்தாத பாடம் ஒண்ணு குடுங்க. அரை மணி நேரம் உங்க கண்ணு முன்னாடி படிக்கட்டும். அப்புறம் புத்தகத்தை வாங்கி வெச்சுட்டு போர்டுல எழுதச் சொல்லுங்க. பாக்கறதுக்கு அங்க தாளே இருக்காது."

சார் அவளை மேலும் கீழும் பார்த்தார். "சரி, சாளுக்கியர் பாடம்" என்றார்.

முதல் பாடவேளை முழுவதும் தமிழ்செல்வி சாரின் மேசை முன்னால் உட்கார்ந்து படித்தாள். பிறகு புத்தகம் சாரின் கைக்குப் போனது. அவள் சாக்பீஸை எடுத்தபோது வகுப்பு வாசலில் ஒருவர் வந்து நின்றார். கம்பெனி நீலச் சட்டை, கையில் காலண்டர் தாள். தமிழ்செல்வியின் அப்பா மூர்த்தி. முகம் இறுகியிருந்தது.

"ஒரு அஞ்சு நிமிஷம் அங்கயே இருங்க" என்றார் சார்.

இதில் தமிழ்செல்வி தடுமாறினால் முழுப்பரிட்சைகூடத் தேவையில்லை. இன்றைக்கே ஊருக்கு பஸ் ஏற்றிவிடுவார்கள்.

தமிழ்செல்வி அப்பாவைப் பார்த்தாள். சாக்பீஸ் உடைந்து கீழே விழுந்தது. சௌமியா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். ரஞ்சிதா முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டாள்.

தமிழ்செல்வி இடது கையை விரித்து, கட்டை விரலைப் பார்த்தாள். பிறகு எழுதினாள்.

'சாளுக்கியர் கம்பெனி, வாதாபி.

ஏ ஷிப்ட்: முதலாம் புலிகேசி. முடிந்தது: வாதாபியில் கோட்டை கட்டியாச்சு. மிச்சம்: சுற்றியுள்ள நாடுகள்.'

பின் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தமிழ்செல்வி திரும்பவில்லை. இடையில் வந்த இரண்டு அரசர்களுக்கும் ஒவ்வொரு வரி எழுதிவிட்டு, அடுத்த விரலுக்குப் போனாள்.

'இரண்டாம் புலிகேசி. முடிந்தது: வடக்கே ஹர்ஷரை நர்மதை ஆற்றங்கரையிலேயே நிறுத்தியாச்சு. தெற்கே மகேந்திரவர்மனைத் தோற்கடித்தாச்சு. மிச்சம்: காஞ்சிபுரம் கைக்கு வரவில்லை. கவனம்: மகேந்திரவர்மனுக்கு ஒரு மகன் இருக்கிறான்.'

குருமூர்த்தி சார் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். வகுப்பே சிரித்தது. தமிழ்செல்வி கீழே எழுதிக்கொண்டே போனாள். மகன் விக்கிரமாதித்தன் வந்து வாதாபியை மீட்டதையும் எழுதி முடித்துவிட்டுச் சாக்பீஸை வைத்தாள்.

சார் புத்தகத்தையும் போர்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு தப்பும் இல்லையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வாசலிலிருந்து மூர்த்தியின் குரல் வந்தது.

"ஒரு தப்பு இருக்கு சார்."

எல்லோரும் திரும்பினார்கள். அவர் கண் போர்டைவிட்டு நகரவில்லை. முகத்திலிருந்த இறுக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"கையெழுத்து எங்கட்டி? எழுதிக் குடுத்தவங்க பேரு போடாம ஷிப்டை ஒப்படைக்கலாமா? எங்க சூப்பர்வைசர் ஒத்துக்கிட மாட்டாரு."

தமிழ்செல்வி திரும்பி நின்று, இரண்டாம் புலிகேசியின் ஷிப்டுக்குக் கீழே எழுதினாள். 'இப்படிக்கு புலிகேசி.' அப்போதுதான் அவளுக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண்ணில் நீரும் வந்துவிட்டது.

சார் சைபரை அடித்துவிட்டு மறுபடி பதினேழு போட்டார். "கேக்காமலே சைபர் போட்டது என் தப்பும்மா" என்று வகுப்பின் முன்னாலேயே சொன்னார். காலண்டர் கட்டையும் திருப்பிக் கொடுத்தார். "ஆனா பரிட்சைக்குள்ள இது வரக் கூடாது!"

மூர்த்தி மட்டும் எதற்கும் பிடி கொடுக்காமல், "முழுப்பரிட்சை முடியட்டும், பாப்போம்" என்று சொல்லிவிட்டு மத்தியான ஷிப்டுக்குத் தயாராகக் கிளம்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் தமிழ்செல்வி கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்குத் தனியாக நடந்தாள். ரஞ்சிதா பத்தடி பின்னால் போனாள். பாதி தூரம் போனதும் தமிழ்செல்வி நின்றாள்.

"இன்னும் என்ன சந்தேகம்?"

"ஒண்ணும் இல்ல. சாரிடி."

தமிழ்செல்வி யோசித்தாள். "சரி, வா. பிந்தினா அம்மா தேடுவாவ."

அதன் பிறகு இருவரும் சேர்ந்துதான் தாள் எழுதினார்கள். தமிழ்செல்வி எழுதுவாள், ரஞ்சிதா சந்தேகப்படுவாள். அது அவளுக்குக் கைவந்த வேலையாயிற்றே.

"ஹர்ஷரை நிறுத்துனாருன்னு போட்டிருக்க. யாரு பாத்தா? எப்படித் தெரியும்?"

தமிழ்செல்வி புத்தகத்தைப் புரட்டுவாள். "அய்ஹோல் கல்வெட்டுல இருக்காம்."

"அப்ப அதையும் எழுது. சாட்சி இல்லாம நான் ஒத்துக்க மாட்டேன்."

இப்படியே ஒவ்வொரு தாளிலும் 'சாட்சி' என்று புதிதாக ஒரு வரி சேர்ந்தது. மார்ச் மாதத்துக்குள் கட்டு இவ்வளவு தடிமனாகி, துணி கிளிப் வாயை மூட முடியாமல் திணறியது. சௌமியா இரண்டு நாளைக்குக் கடன் கேட்டாள். யாரிடமும் காட்டக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார்கள். வகுப்பு முழுக்கப் படித்துவிட்டது.

முழுப்பரிட்சையில் தமிழ்செல்வி அறுபதுக்கு நாற்பத்து நான்கு வாங்கினாள்.

மதிப்பெண் தெரிந்த அன்று மாலை இருவரும் ராசாத்தியை பஸ்ஸிலிருந்து கூட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்கள். மத்தியானமே சார் அப்பாவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டாராம். அடுப்பு மேடைக்கு மேலே கிளிப்பில் அன்றைய தாள் தொங்கியது. ராசாத்தி அதை எடுத்து, பிள்ளைகளுக்குக் கேட்கும்படி படித்தாள்.

"முடிந்தது: செல்வி இங்கேயே படிப்பாள் என்று அண்ணனிடம் சொல்லியாச்சு."

படித்த குரல் அங்கேயே நின்றுவிட்டது. தமிழ்செல்வி அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். ராசாத்தி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வரிக்குப் போனாள்.

"மிச்சம்: இல்லை."

"கவனம்னு ஒண்ணும் போடலயாம்மா?" என்றாள் தமிழ்செல்வி.

"போட்டிருக்காவளே. கவனம்: கூட்டாளிப் பிள்ளை ரஞ்சிதா வந்தால் சாப்பிடாமல் அனுப்ப வேண்டாம்."

ராசாத்தி தோசைக்கல்லை வலது பக்க அடுப்பில் வைத்தாள். முதல் தோசையும் தேங்காய்ச் சட்னியும் ரஞ்சிதாவின் தட்டுக்குத்தான் வந்தன. தமிழ்செல்வி அவளுடைய மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரஞ்சிதா முகர்ந்து பார்க்காமலேயே சாப்பிட்டாள்.